கேசியாவின் ஏரி ஊர் வழியாகப் போனது

ஏரியைக் காலி பண்ண வேண்டும் என்று ஏனோக் நினைத்ததே இல்லை. படகை இழுக்காமல் தப்பிக்க வேண்டும் என்றுதான் நினைத்தான். இரண்டு காரியத்துக்கும் ஒரே மண்வெட்டி போதும் என்பது அவனுக்கு அப்போது தெரியவில்லை.

ஏரி அவனுடையதும் இல்லை. அவன் மனைவி ரோடாவின் அக்கா கேசியாவுடையது. பட்டா, பத்திரம் என்று எதுவும் கிடையாது. வடதுருவத்தை ஒட்டிய ஓல்ட் க்ரோ ஊருக்கு வடக்கே, எண்ணப் போனால் கிறுக்குப் பிடிக்கிற அளவுக்கு ஏரிகள் சிதறிக் கிடக்கும் சமவெளியில், எந்த ஏரி எந்தக் குடும்பத்துக்கு என்று எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான். பனி இறுகிக் கிடக்கும்போதே ஸ்கிடூ என்கிற பனிவண்டியில் வந்து கூடாரம் போடுவார்கள். ஐஸ் உடைந்ததும் நீரெலி சுடுவார்கள். தோலை உரித்துக் காயவைத்து, வாலைத் தீயில் வாட்டித் தின்று, கோடை பிறக்கும்போது ஓடை வழியே ஊருக்குத் திரும்புவார்கள்.

கேசியா நடக்கப் பழகியதிலிருந்து ஒரு வசந்தத்தைக்கூட அங்கே தவறவிட்டதில்லை. இந்த வருஷம்தான் முதல் தடவை. முட்டியில் ஆபரேஷன். தெற்கே பெரிய ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, வருகிற நர்ஸ் ஒவ்வொருத்தியிடமும் “அங்க ஐஸ் உடைஞ்சுடுச்சா?” என்று கேட்டுக்கொண்டிருந்தாளாம். அவர்கள் இவளுக்கு மயக்கம் இன்னும் தெளியவில்லை என்று டாக்டரைக் கூப்பிட்டார்களாம். போவதற்கு முன் அவள் ஏனோக்கிடம் சொன்னது ஒன்றுதான்.

“ஏரியை மட்டும் நீ பாத்துக்க. மத்ததெல்லாம் ரோடா பாத்துப்பா.”

உலகத்திலேயே சுலபமான வேலை. ஏரி எங்கே போகப்போகிறது?

இந்தச் சமவெளியில் ஏரிகளும் சம்பந்திகள் மாதிரிதான். பனி உருகும்போது கரை தாண்டி ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொள்ளும்; கோடை முற்றினால் எட்டிக்கூடப் பார்க்காது. சில ஏரிகள் ஓடை வழியே வருஷம் பூராவும் பேச்சுவார்த்தை வைத்திருக்கும். ஒன்று வயிறு நிறைந்தால் அடுத்ததற்குத் தள்ளிவிடும், அது அதற்கடுத்ததற்கு, கடைசியில் எல்லாம் ஆற்றுக்கு. சிலது யாரோடும் ஒட்டாமல் பனியையும் மழையையும் குடித்துக்கொண்டு தன்பாட்டுக்குக் கிடக்கும். கேசியாவின் ஏரி அந்த ரகம். பெருவெள்ளம் வருகிற வருஷம் மட்டும் வடக்குப் பக்கத்து ஏரியோடு கலக்கும். அப்படித்தான் அதில் பைக் என்கிற நீண்ட வாய் மீன் வந்து சேர்ந்தது. மற்றபடி கூப்பிடு தூரத்தில், நல்ல பள்ளத்தில், ஒரு ஓடை ஓடிக்கொண்டிருந்தும் இரண்டுக்கும் ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கல் வாங்கல் இல்லை. நடுவில் ஒடுக்கமாக ஒரு மண்கழுத்து. மேலே மெத்தை மாதிரி பாசி. பாசிக்குக் கீழே கையளவு மண். மண்ணுக்குக் கீழே ஐஸ். யாருடைய தாத்தாவுக்கும் தாத்தா காலத்து ஐஸ்.

அந்தக் கழுத்தின் மேல் படகை எப்படிக் கடத்துவது என்பதற்கு ஒரு முறை இருந்தது. ஸ்ப்ரூஸ் மரக் கம்புகளை வெட்டிப் பாசியின் மேல் குறுக்கே வரிசையாகப் போட்டு, படகைக் கம்பு மேல் ஏற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். பின்னால் விட்ட கம்பை எடுத்து முன்னால் போட வேண்டும். பாசி கிழியக் கூடாது. அடுப்பைத் தொடாதே என்பதற்கு அடுத்தபடியாக இங்கே பிள்ளைகளுக்குச் சொல்வது அதுதான்.

அன்று எப்ராயீம், அதாவது ரோடாவின் அண்ணன், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய கேசியாவைப் படகில் ஏற்றிக்கொண்டு ஊரிலிருந்து கிளம்பியிருந்தான். அவனுடைய படகு பெரியது. ஓடையின் மேல்பகுதியில் தரை தட்டும். எனவே ஏரியில் கிடக்கும் சின்ன அலுமினியப் படகை ஏனோக் ஓடைக்குக் கொண்டுபோய், கீழே போய் எதிர்கொண்டு, கேசியாவை முட்டி நோகாமல் கூட்டி வர வேண்டும். அதுதான் ஏற்பாடு.

ஏனோக் கம்பு வெட்டவில்லை. அந்த வருஷம் பனி அதிகம். ஏரி விளிம்பு வரைக்கும் தளதளவென்று நின்றது. அதைப் பார்த்ததும் அவனுக்குள் இத்தனை நாள் தூங்கிக்கொண்டிருந்த என்ஜினியர் கண்விழித்தான். மண்வெட்டியால் பாசியில் படகு அகலத்துக்கு ஒரு கீறல். ஆழம்கூட இல்லை, கணுக்கால் நனைகிற அளவு. ஏரித்தண்ணீர் வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தது. படகைத் தொட்டான். அது அவனைக் கேட்காமலே வழுக்கிக்கொண்டு போய் ஓடையில் பொத்தென்று இறங்கியது.

ஏனோக் கரையில் நின்று தன்னைத்தானே பாராட்டிக்கொண்டான். இத்தனை தலைமுறையாக முதுகு ஒடிய இழுத்தார்களே, ஒருத்தனுக்காவது மூளை இருந்ததா? கீறலை ரெண்டு பிடி பாசி வைத்து அடைத்துவிட்டு, கூடாரத்துக்குப் போய் டீ குடித்தான். ரொட்டி சூடாக இருந்தது. அதனால் இன்னொரு டீயும் குடித்தான்.

திரும்பி வந்தபோது அவன் வைத்த பாசி இல்லை. கீறலும் இல்லை. அந்த இடத்தில் இடுப்பளவு வாய்க்கால் இருந்தது. அதன் சுவர்கள் மண்ணாக இல்லை. பளபளவென்று, சாம்பல் நிறத்தில், வியர்த்துக்கொண்டிருந்த ஐஸ். தண்ணீர் அதை நக்கி நக்கிக் குழைத்துக்கொண்டு ஓடியது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வில்லோ புதர் வேரோடு சாய்ந்து, யாரோ கூப்பிட்டது போல ஓடைக்குள் போனது.

“ரோடா! கொஞ்சம் வாயேன். ஒரு சின்ன விஷயம்.”

“எவ்வளவு சின்னது?” கூடாரத்துக்குள்ளிருந்து குரல் வந்தது.

“காலைல சின்னதாத்தான் இருந்துச்சு.”

ரோடா வந்து பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவன் பதில் சொல்லியிருப்பான். ரெண்டு பேருக்கும் பழக்கப்பட்ட விஷயம். அவள் ஓடையில் கிடந்த படகை மேட்டில் ஏற்றச் சொல்லிவிட்டு, ஓடிப்போய்த் தார்ப்பாயை எடுத்து வந்தாள்.

அடைத்துப் பார்த்தார்கள். தார்ப்பாயைப் போட்டார்கள், தண்ணீர் அதைத் துண்டு மாதிரி சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போனது. மரக்கட்டைகளைப் போட்டார்கள், போனது. படுக்கை மெத்தையைப் போட்டார்கள். மெத்தை ஒரு கணம் சிக்கி நின்றது. “நிக்குது! நிக்குது!” என்று ஏனோக் கத்தினான். மெத்தை அதைக் கேட்டுவிட்டு நிதானமாகத் திரும்பி, அவன் வருஷக்கணக்காகத் தூங்கிய பள்ளம் மேல்பக்கமாகத் தெரிய, ஓடையில் மிதந்து போனது. கடைசியாக அவனே வாய்க்காலில் குறுக்கே உட்காரப் போனான். ரோடா சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள்.

“நீயும் போயிட்டா அக்காகிட்ட யார் சொல்றது?”

அது நியாயமான கேள்வி. சாவதைவிடப் பயங்கரமான வேலை ஒன்று மிச்சம் இருந்தது.

மாலைக்குள் வாய்க்கால் பள்ளத்தாக்காகிவிட்டது. அதற்குள் ஊரிலுள்ள சர்ச் கட்டடத்தை மணிக்கூண்டோடு இறக்கி வைக்கலாம். சத்தத்தில் பேசக்கூட முடியவில்லை. ஏரியின் நடுவில்கூடத் தண்ணீர் சாய்வாக நிற்பது போல இருந்தது, யாரோ ஒரு பக்கம் தூக்கிப் பிடித்த தட்டு மாதிரி.

ஏனோக் ரேடியோவை எடுத்தான். ஊரில் ஒவ்வொரு சமையலறையிலும் ஒரு ரேடியோ எந்நேரமும் திறந்துதான் இருக்கும். இங்கே யாரும் யாரோடும் தனியாகப் பேச முடியாது.

“மச்சான், எங்க இருக்கே?”

“கீழ் ஏரியைத் தாண்டப் போறோம்,” எப்ராயீமின் குரல் உற்சாகமாக வந்தது. “என்ன மச்சான், ஓடை முழுக்கப் பால் டீயா வருது? மேல மூஸ் மான் ஏதாச்சும் குளிக்குதா?”

“மூஸ் இல்ல.”

“அப்ப நீதான் குளிக்கிறியா? வருஷத்துக்கு ஒருக்கா குளிச்சா இப்படித்தான், ஆறே கலங்கிப்போகுது. சொல்லிட்டுக் குளிக்க மாட்டே? கீழ எங்க மீன்வலை இருக்குய்யா.”

ஊர்ச் சமையலறை ஒன்றிலிருந்து யாரோ சிரித்தார்கள். இந்த மண்ணின் பழங்குடிகளான குவிச்சின் ஆட்களில் மச்சான்மார் பேசிக்கொள்வது இப்படித்தான். ஒருவன் காலை இன்னொருவன் வாராமல் பேசினால் எங்கேயோ சாவு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். வழக்கமாக ஏனோக்கிடம் பதில் தயாராக இருக்கும்.

“மச்சான்,” என்றான். “வர்றது ஏரி.”

“என்னது?”

“ஏரி வருது. நம்ம ஏரி. கழுத்து உடைஞ்சுடுச்சு. நான் படகை இறக்கறதுக்குக் கொஞ்சூண்டு வெட்டினேன்.”

ரேடியோ கரகரத்தது. பிறகு ஊரிலிருந்து ஒரு பெண் குரல், “யாரோட ஏரின்னு சொல்றான்?” என்றது. இன்னொரு குரல் மெதுவாக, “கேசியாவோடது,” என்றது. அதற்கப்புறம் ஒரு சமையலறையும் வாயைத் திறக்கவில்லை. எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது மட்டும் தெரிந்தது. கேசியா அந்தப் படகின் முன்பக்கத்தில், முட்டிக்குக் கீழே தலையணை வைத்து, எப்ராயீமுக்கு எதிரேதான் உட்கார்ந்திருப்பாள். அவள் குரல் வருமென்று ஏனோக் காத்திருந்தான். வரவில்லை.

“நாங்க கரையில ஒதுங்கிக்கறோம்,” என்றான் எப்ராயீம் கடைசியில். “தண்ணி வேகம் குறைஞ்சதும் வர்றோம். நீ பத்திரமா இரு, ஏனோக்.”

மச்சான் என்று சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்து எப்ராயீம் அவனை எத்தனையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான். பாதியைச் சர்ச்சுக்குள் சொல்ல முடியாது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். அதோடு பத்திரமாக இருக்கவும் சொன்னான்.

ஏரி கீழ் ஏரிக்குள் நுழைந்து, அதைச் சேறாக்கி, எப்ராயீமின் வலையைச் சேற்றால் நிரப்பிப் புதைத்து, அங்கிருந்து ஆற்றில் இறங்கி, ஊரின் எதிரே பழுப்பாகப் போனது. யாரோடும் ஒட்டாத ஏரி, கடைசியில் எல்லாரையும் ஒரே மூச்சில் பார்த்துவிட்டுப் போனது. ஊர்க்காரர்கள் கரையில் நின்று பார்த்தார்களாம். மெத்தையும் போனதாம்.

வெள்ளம் ஓடையை ஆழமாக அறுத்துவிட்டதால் கேசியாவும் எப்ராயீமும் பெரிய படகிலேயே வந்து சேர்ந்தபோது சத்தம் அடங்கிவிட்டிருந்தது. வாய்க்காலின் அடியில் ஒரு சின்னத் தண்ணீர்க்கோடு மட்டும், எதுவும் நடக்காதது போல, ஓடைக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஏரிக்கும் ஓடைக்கும் இப்போது நல்ல உறவு.

கேசியா கைத்தடியை ஊன்றி மேட்டில் ஏறினாள். ஏனோக் கை கொடுக்கப் போனான்; எந்தக் கையைக் கொடுப்பது என்று தெரியாமல் இரண்டையும் நீட்டிவிட்டு, இரண்டையும் இழுத்துக்கொண்டான். அவள் ஏரி இருந்த இடத்தைப் பார்த்தாள். அந்தக் கரை வரைக்கும் கறுப்புச் சேறு. நடுவில் அங்கங்கே குட்டைகள். குட்டைகளில் பைக் மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் துள்ளிக்கொண்டிருந்தன. கரையைச் சுற்றி, தண்ணீருக்கடியில் இருந்த நீரெலி வளைகளின் வாசல்கள் எல்லாம் வெளியே தெரிந்தன. ஆள் காலி பண்ணிப்போன தெரு மாதிரி. கழுகுகள் முன்பதிவு செய்தவை போல வந்து உட்கார்ந்திருந்தன.

“டீ இருக்கா?” என்றாள் கேசியா.

அவ்வளவுதான். ரோடா டீ கொடுத்தாள். கேசியா, கவிழ்த்துப் போட்ட சின்னப் படகின் மேல் உட்கார்ந்து, இல்லாத தண்ணீரைப் பார்த்துக்கொண்டு குடித்தாள். அடுத்த நாட்களில் அவள் பேசியதெல்லாம் வேலைப் பேச்சுதான். கரைப் பக்கத்துக் குட்டைகளிலிருந்து எடுக்க முடிந்த மீனை எடுங்கள். நீரெலிகளைச் சுட வேண்டாம், ஓடைப் பக்கம் ஓடட்டும். கத்தியைத் தீட்டுங்கள். ஏனோக் கத்தியைத் தீட்டினான். அது தேய்ந்து பாதியாகிற அளவுக்குத் தீட்டினான்.

எடுத்த மீனைவிட அழுகிய மீன்தான் அதிகம். வாளியில் அள்ளிக்கொண்டு ஓடைக்கு ஓடினால், திரும்பி வருவதற்குள் இன்னொரு குட்டை வற்றியிருக்கும். கரையில் வழி தெரியாமல் நின்ற நீரெலி ஒன்றை ஏனோக் ஓடைக்குத் தூக்கிக்கொண்டு போனான். அது அவன் கட்டைவிரலைக் கடித்துவிட்டு, அவன் கொண்டுபோக நினைத்ததற்கு நேர் எதிர்த் திசையில், நரி உட்கார்ந்திருந்த பக்கமாகப் போனது.

முதலில் ரோடாவைக் கேட்டான். “சும்மா சொல்லு. என்னாலதானே?”

“சாப்பிடு,” என்றாள் ரோடா. “ஆறிடும்.”

“நான் வெட்டலேன்னாலும் ஒரு நாள் போயிருக்கும்ல?”

“மீன்ல முள் இருக்கு, பாத்துச் சாப்பிடு.”

எப்ராயீமைக் கேட்டான். எப்ராயீம் சேறு நிறைந்த வலையை விரித்துப் போட்டு, கிழிசல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“காலம் கெட்டுக் கிடக்கு,” என்றான். “கிழக்குப் பக்கம்கூட ஒரு ஏரி தானா உடைஞ்சு போச்சாம். நீ மனசுல வச்சுக்காதே.”

“உன் வலை போச்சே, அதுக்காவது ஒரு வார்த்தை திட்டேன்.”

“வலை வாங்கிக்கலாம்.”

இந்தக் கனிவை என்ன செய்வது என்று ஏனோக்குக்குத் தெரியவில்லை. அடி விழும் என்று முதுகைக் காட்டி நிற்கிறவன்மேல் போர்வை போர்த்திவிட்டுப் போகிறார்கள்.

ஹெலிகாப்டரில் இங்க்ரிட் வந்தாள். ஒவ்வொரு கோடையிலும் வருகிற ஆராய்ச்சிக்காரிதான். இந்தச் சமவெளியின் ஏரிகளிலிருந்து சின்னச் சின்ன பாட்டில்களில் தண்ணீர் எடுத்துப்போய், இதில் இவ்வளவு பனி, இவ்வளவு மழை, இந்த ஏரி அந்த ஓடையிடம் வாங்குகிறது, அது இதனிடம் வாங்குவதில்லை என்று ஜாதகம் கணிப்பது அவள் வேலை. கேசியாவின் ஏரியை வருஷக்கணக்காகக் கணித்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவையும் கையில் பாட்டில் இருந்தது. அதை எங்கே முக்குவது என்று பார்த்துவிட்டு, மூடியைத் திருகிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். கேசியாவிடம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவள் வாய்க்கால் சுவரை அளந்துகொண்டிருந்தபோது ஏனோக் போய் நின்றான்.

“நீங்க படிச்சவங்க. ஒண்ணு சொல்லுங்க. இது என்னாலயா, தானாவா?”

இங்க்ரிட் ஐஸைத் தொட்டுப் பார்த்தாள். “தண்ணி விளிம்பு வரைக்கும் நின்னிருக்கு. கழுத்து ரொம்ப மெலிசு. உள்ள ஐஸ் பாதிக்கு மேல. வெயில் முன்ன மாதிரி இல்ல. அதோட நீங்க வெட்டினதும்.”

“அதோடங்கறீங்களே, அதுல என் பங்கு எவ்வளவு?”

“தெரியலை, ஏனோக். அடுத்த வருஷமே போயிருக்கலாம். நம்ம பேரப்பிள்ளைங்க காலம் வரைக்கும் நின்னும் இருக்கலாம். தெரிஞ்சா சொல்லிடுவேன். தெரியாம ஒண்ணைச் சொன்னா உங்களுக்கு ராத்திரி தூக்கம் வரும், எனக்கு வராது.”

அவள் பொய் சொல்லவில்லை. அதனால் அவள்மேல் கோபப்படவும் முடியவில்லை. போகும்போது அவள் அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். இன்னொரு போர்வை.

எல்லாவற்றையும்விட அந்த லூன் பறவைதான் அவனைப் படுத்தியது. ஏரி இருந்தபோது அங்கே கூடு கட்ட வந்த பறவை. இப்போது நடுவில் மிச்சமிருந்த ஒரு குட்டையில் மாட்டிக்கொண்டது. லூன் வாத்து மாதிரி இல்லை. நின்ற இடத்திலிருந்து எழும்பாது. தண்ணீர்மேல் நெடுந்தூரம் ஓடி, ஓடி, அப்புறம்தான் காற்றைப் பிடிக்கும். குட்டை அந்த ஓட்டத்துக்குப் போதவில்லை. அது ஒரு கோடியிலிருந்து இறக்கையை அடித்துக்கொண்டு ஓடி வரும், மறு கோடியில் சேறு வந்துவிடும், நின்றுவிடும். திரும்பிப் போகும். மறுபடி ஓடி வரும். சூரியன் மறையாமல், ராத்திரி என்று ஒன்று வராத மாதம் அது. அதனால் அது ஓய்வும் எடுக்கவில்லை. நடுநடுவே கூப்பிடும். அந்தக் குரலைக் கேட்டு, கூடாரத்துக்குள் ரோடா தலையணையைக் காதில் வைத்துக்கொள்வாள்.

“போய்ப் பிடிச்சு ஓடையில விட்டுடறேன்,” என்றான் ஏனோக்.

“சேறு ஆளை முழுங்கும்,” என்றாள் ரோடா.

“கம்பு போட்டுப் போறேன்.”

இந்தத் தடவை எல்லாம் முறையாகத்தான் செய்தான். கம்பு வெட்டினான், வரிசையாகப் போட்டான், பின்னால் விட்டதை எடுத்து முன்னால் போட்டான். செய்துகொண்டே போகையில் ஒன்று உறைத்தது. படகுக்கு இவ்வளவு கம்புகூட வேண்டியிருந்திருக்காது. அப்படி யோசித்த நேரத்தில் கால் வழுக்கியது. முட்டி வரை இறங்கினான். இழுத்தான், தொடை வரை. இன்னும் இழுத்தான், இடுப்பு. சேற்றுக்கு அடியில் குளிர் காத்துக்கொண்டிருந்தது. லூன் அவனைப் பார்த்து, அவன்தான் கடைசித் தொல்லை என்று நினைத்ததோ என்னவோ, குட்டையின் மறுகோடிக்கு ஓடியது.

எப்ராயீம் கரையிலிருந்து கயிறு வீசினான். ஏனோக் அதை அக்குளுக்கடியில் கட்டிக்கொண்டான். எப்ராயீமும் ரோடாவும் சேர்ந்து இழுத்தார்கள். சேறு பெரிய சத்தத்தோடு அவனை விட்டது. ஆனால் அவன் பேன்ட்டை விடவில்லை. பூட்ஸையும்தான். ஏனோக் வயிற்றால் வழுக்கிக்கொண்டு, சட்டை மட்டும் போட்ட கடல்நாய் மாதிரி, கரைக்கு வந்து சேர்ந்தான்.

இதைவிட நல்ல காட்சி எந்த மச்சானுக்கும் எந்தக் காலத்திலும் கிடைத்ததில்லை. இது ஊர் ரேடியோவில் கோடை முழுக்க ஓடியிருக்க வேண்டும். கிறிஸ்துமஸ் விருந்தில் நடித்துக் காட்டப்பட்டிருக்க வேண்டும். ஏனோக் மல்லாந்து கிடந்து, எப்ராயீமின் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தான்.

எப்ராயீம் கயிற்றைச் சுருட்டினான். “குளிரும்,” என்றான். “வேற துணி போட்டுக்க.”

“மச்சான்.”

“ம்.”

“என் பேன்ட்டு போயிடுச்சுடா.”

“பாத்தேன்.”

“இதுக்குக்கூட ஒண்ணும் சொல்ல மாட்டியா? ஏதாச்சும் சொல்லுடா. கேட்டுக்கறேன்.”

எப்ராயீமின் வாயோரம் ஒரு கணம் துடித்தது. பிறகு அவன் மேட்டில் உட்கார்ந்திருந்த அக்காவைத் திரும்பிப் பார்த்தான். வாய் நேராகிவிட்டது. “என்னத்தச் சொல்றது?” என்று கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

அடுத்த நாள் குட்டை வற்றியிருந்தது. லூனைக் காணவில்லை. நரி அந்தப் பக்கமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சேற்றில் தடம் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க ஏனோக்குக்குத் தைரியம் வரவில்லை.

கேசியா புகைப்பந்தலுக்கு முன்னால் உட்கார்ந்து பைக் மீனைக் கீறி, கம்பில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். ஏனோக் அவளுக்கு எதிரே ஒரு கட்டையில் உட்கார்ந்தான். காலில் ரோடாவின் பேன்ட். நீளம் போதாமல் பாதிக் கெண்டைக்காலில் நின்றது. கேசியா அதைப் பார்த்தாள், மீனைப் பார்த்தாள்.

“மதினி.”

“அந்த வாளியை இப்படி நகத்து.”

நகர்த்தினான். “மதினி, உங்களை ஒண்ணு கேக்கணும். ரோடாவைக் கேட்டேன், சாப்பிடுங்கறா. மச்சானைக் கேட்டேன், காலம் கெட்டுப்போச்சுங்கறான். இங்க்ரிட்டைக் கேட்டேன், தெரியலைங்கறா. அவ சொல்றதாவது நெசம். மத்த எல்லாரும் என்னை நோயாளி மாதிரி நடத்தறாங்க. மச்சான் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடறான், மதினி. எனக்குப் பயமா இருக்கு.”

கேசியா மீனின் குடலை வழித்து வாளியில் போட்டாள்.

“நேத்து அந்தப் பறவைகிட்டப் போகும்போது கம்பு போட்டியா?”

“போட்டேன்.”

“எல்லாத்தையும் ஒழுங்காவா?”

“ஒழுங்காத்தான்.”

“அப்ப உனக்குத் தெரியும்.” அவள் கத்தியைப் புல்லில் துடைத்தாள். “கழுத்துல பாசி மேல இரும்பு படக்கூடாதுன்னும் தெரியுமா, தெரியாதா?”

ஏனோக்கின் வாய்க்குள் நாலைந்து பதில்கள் வந்து நின்றன. எல்லாமே சிரிப்பு வரவழைக்கிறவை. ஒன்றைக்கூட எடுக்க முடியவில்லை.

“தெரியும்.”

“தெரிஞ்சே எதுக்கு வெட்டினே?”

“நீங்க வர்றீங்களேன்னு, சீக்கிரமா...”

“என் தலையில கட்டாதே.”

புகை திசை மாறி அவன் கண்ணில் வந்தது. அவன் நகரவில்லை.

“சோம்பேறித்தனம், மதினி,” என்றான். “இழுக்கச் சோம்பேறித்தனம். அதோட, என் மூளையைப் பத்தி ஒரு நெனப்பு.”

கேசியா தலையாட்டினாள். கைத்தடியைப் பிடித்து, முட்டியை நீட்டி, மெதுவாக எழுந்தாள். ஏனோக் கை கொடுத்தான். இந்தத் தடவை அவள் பிடித்துக்கொண்டாள். அவள் பிடி வலித்தது. இருவரும் கறுப்புச் சேற்றைப் பார்த்தபடி நின்றார்கள். அந்தக் கரையோரம் காய்ந்து வெடிக்கத் தொடங்கியிருந்தது.

“நான் வெட்டலேன்னா இருந்திருக்குமா?” என்று கேட்டான். “சமாதானம் வேண்டாம், மதினி. உள்ளதைச் சொல்லுங்க.”

கேசியா அவன் பக்கம் திரும்பினாள். வந்த நாளிலிருந்து இப்போதுதான் அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“இருந்திருக்கும்,” என்றாள். “நான் சாகற வரைக்கும் இருந்திருக்கும். நீதான்டா போக்கடிச்சே.”